கண்டதும் கொண்டதும்

விரல்நுனியிலிருந்து ஒரு துளிக் குருதி எடுக்கிறார்கள். கண்ணாடிச் சில்லில் இட்டு, நுண்ணோக்கியின் வழியே திரையிலே காட்டுகிறார்கள். இருண்ட வானத்து விண்மீன்கள்போல ஒளிப்புள்ளிகள் துள்ளுகின்றன. இழைகள் நீண்டு கிடக்கின்றன. சிவப்பணுக்களிலே சில முள் முளைத்து நிற்கின்றன, சில நாணயம் அடுக்கியதுபோல ஒட்டிக்கொள்கின்றன. "இது நஞ்சு! இது பூஞ்சை! இது வரப்போகும் புற்றுநோயின் அறிகுறி!" என்கிறார் காட்டுபவர். கண்ணாலே கண்டபின் மறுப்பது எங்ஙனம் என்று மருளுகிறார் நோயாளி.

காட்சியை நாம் மறுக்கவில்லை, தோழர்களே! காட்சிக்குச் சூட்டிய பெயருக்குச் சான்று எங்கே என்று கேட்கிறோம்.

சில்லிலே குருதி உலர உலரச் சிவப்பணு சுருங்கி முள் கொள்ளும். துளி தடித்துக் கிடந்தால் அணுக்கள் அடுக்காகச் சேரும். குருதி உறையத் தொடங்கினால் நார் பின்னும். கொழுப்புணவு உண்டவரின் குருதியிலே கொழுப்புத் துகள் மின்னும். அது துள்ளுவதாலேயே உயிராகிவிடாது. மகரந்தத்தின் நுண்துகள்கள் நீரிலே ஓயாது ஆடுவதை 1827-இலேயே ராபர்ட் பிரௌன் கண்டார்.

ஜெர்மன் விலங்கியலார் குந்தர் எண்டர்லைன் (1872–1968), நுண்ணுயிர்கள் உருமாறி உருமாறி வளர்வதாக 1925-இல் நூல் எழுதினார். குருதியிலே அவற்றைக் கண்டு நோயறியலாம் என்றார். அவர் முறையை 2006-இல் வெளியான ஓர் ஆய்வு சோதித்தது. ஒருவர் கணித்ததும் மற்றவர் கணித்ததும் ஒத்துவரவில்லை. ஒருவரே மறுமுறை பார்த்தபோதும் முடிவு மாறிற்று.

"புதுமை கண்டவரை உலகம் உடனே ஏற்றதுண்டா? லாவரனையும் ஐயுற்றனரே!" என்பர். ஆம். 1880 நவம்பர் 6-ஆம் நாள், அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகரில், மலேரியாக் காய்ச்சலுற்ற படைவீரனின் புதுக்குருதியிலே நெளியும் இழைகளைக் கண்டார் பிரெஞ்சு மருத்துவர் லாவரன். கண்டதோடு அவர் நின்றாரா? நோயாளி பலரின் குருதியை ஆராய்ந்தார். கொயினா கொடுத்தால் அவ்வுருக்கள் மறைவதை அறிந்தார். 1882-இல் ரோமுக்குச் சென்று, அங்குள்ள நோயாளிகளிடமும் தேடிக் கண்டார். ஐயுற்றோரும் பின்னர்ப் பார்த்தனர்; அதையே கண்டனர்; ஒப்பினர். 1907-இல் நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

"காட்டுபவர் பொய்யர் அல்லர், தாமும் நம்பியே சொல்கிறார்" என்று பரிவோர் உண்டு. இருக்கட்டும். நம்பிக்கை அவருடையது, அதற்கு விலை கொடுப்பவரோ நோயாளி! இல்லாத நோய்க்கு அஞ்சி உறக்கம் இழக்கிறார். உள்ள நோயைக் கவனியாது காலம் இழக்கிறார். பிறர் உயிரைப்பற்றித் தீர்ப்புரைப்பவர், தம் சொல்லை முதலில் சோதனைக்கு உட்படுத்தக் கடமைப்பட்டவர். அதைச் செய்யாதவரின் நல்லெண்ணம், அவர் விளைக்கும் கேட்டைக் குறைப்பதில்லை.

ஆகவே விரலை நீட்டுமுன் ஒன்று கேளுங்கள்: "நீர் சொல்வது தவறானால், அதை எதைக்கொண்டு கண்டுபிடிப்பீர்?" விடை வராவிடில், விரலை மடக்கிக்கொள்ளுங்கள்!