தகுதி கேட்காத நட்பு

இராசபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் ஓடுகின்றன. அங்கே நெய்யப்படுவது புண்ணுக்குக் கட்டும் பேண்டேஜ் துணி. அது யாருடைய புண்ணை மூடப் போகிறது? நல்லவனுடையதா, நாசம் செய்தவனுடையதா? தறியில் நிற்கும் தோழன் கேட்பதில்லை. கேட்டுக்கொண்டு நின்றால் தறி ஓடாது!

ஆனால் நாம் கேட்கிறோம். அந்த வட்டாரத் தோழர்களோடு மு. வரதராசனாரின் ‘அகல் விளக்கு’ பற்றி உரையாடியபோது எழுந்ததும் இதே கேள்விதான். 1958-இல் வெளிவந்து, 1961-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற புதினம் அது. வேலய்யன், சந்திரன் என்று இரு நண்பர்கள். சந்திரன் அழகன், கூர்ந்த அறிவினன். வேலய்யனோ எதிலும் நடுத்தரம். ஊரே வியந்த சந்திரன் வழி தவறுகிறான், ஓடிப் போகிறான், இறுதியில் தொழுநோயாளியாகிச் சாகிறான். வேலய்யன் மட்டும் அவனைக் கைவிடவில்லை.

“தானே தேடிக்கொண்ட கேட்டுக்கு நண்பன் ஏன் தோள் கொடுக்க வேண்டும்?” என்றார் ஓர் இளைஞர், நூற்பாலைத் தொழிலாளி.

நேர்மையான கேள்வி. எனினும் அதன் அடியில் பழைய பாம்பு ஒன்று சுருண்டு கிடக்கிறது. ‘செய்தான், பட்டான்’ என்கிறோமே, அந்த வினைக் கொள்கை! ஆசிரியரும் அதிலிருந்து முற்றும் விடுபட்டாரில்லை. மு.வ.வின் அன்பர்கள் சினம் கொள்ளலாம், கொள்ளட்டும். கெட்டலைந்த வாழ்வின் முடிவில் அந்த நோயை வைத்தால், படிப்பவன் என்ன முடிவுக்கு வருவான்? முற்பிறவிப் பாவம் என்றான் புராணிகன். இப்பிறவிப் பாவம் என்று எண்ண வைக்கிறது புதினம். கணக்கேடு மாறியது, கணக்கன் மாறவில்லை!

தொழுநோய்க்குக் காரணமான கிருமியை நார்வே நாட்டு மருத்துவர் ஆன்சன் 1873-இலேயே கண்டுவிட்டார். அந்தக் கிருமி ஒழுக்கம் பார்த்து உடலில் புகுவதில்லை. 1981-இல் உலக நலவாழ்வு நிறுவனம் கூட்டு மருந்து முறையைப் பரிந்துரைத்தது. இன்று ஆறு திங்களோ, ஓராண்டோ மாத்திரை உண்டால் நோய் தீர்கிறது. பாவத்தைத் தீர்க்கும் மாத்திரை எந்தக் கடையில் கிடைக்கும்? சட்டமோ நெடுங்காலம் தூங்கியது. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாக ஏற்றது. 2019-இல்தான் அது நீக்கப்பட்டது. தாலி கட்டியவரும் கட்டிக்கொண்டவரும் விலகிப்போக வழி வைத்திருந்த நாடு இது!

நண்பனுக்கோ சட்டமே இல்லை. அவனைப் பிணைக்கப் பத்திரம் இல்லை. விடுவிக்க நீதிமன்றம் இல்லை. குருதி உறவில்லை, சொத்துப் பங்கில்லை. வேலய்யன் எழுந்து போயிருந்தால் தடுப்பார் யார்? அவன் இருந்தான். சந்திரனின் தவறுகளைச் சரியென்று சொல்லிக்கொண்டு இருந்தானல்லன்; தவறு என்று அறிந்தே இருந்தான். ஒப்புதல் வேறு, உதவி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் ‘கெட்டவனுக்கு உதவினால் நாமும் கெட்டவர்’ என்று அஞ்சி, சாகக் கிடப்பவனின் வாசலைக்கூட மிதிக்க மறுக்கிறோம்.

“அப்படியானால் அவன் திருந்தாவிட்டாலும்?” என்று விடவில்லை அந்த இளைஞர்.

திருந்திய சந்திரனா வேலய்யனுக்குப் பரிசாகக் கிடைத்தான்? கிடைத்தவன் நோயாளி. அவனைத்தான் அவன் நண்பன் என்றான்.

இளைஞர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசிப் பகுதியை மீண்டும் படித்துவிட்டு வருவதாகச் சொல்லி, நூலைக் கையில் எடுத்துக்கொண்டு இரவு ஷிப்டுக்குப் புறப்பட்டார்.