பலனை விட வேண்டியவர் யார்?

புதுச்சேரிக்கு வடக்கே ஆரோவில்லில் 2005 முதல் சின்னஞ்சிறு பொம்மை ஒன்று செய்யப்படுகிறது. பெயர் சுனாமிகா. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். ஆடை தைக்கும் கூடத்தில் வெட்டி மிஞ்சிய துணித்துண்டுகள்தான் அதற்கு மூலப்பொருள். 2004 டிசம்பர் 26 அன்று கடல் குப்பங்களுக்குள் புகுந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போன பிறகு, உபாசனா என்ற ஆடை வடிவமைப்புக் கூடத்தை நடத்தும் உமா பிரஜாபதி, சுற்றுவட்டார மீனவப் பெண்களுக்கு இந்தக் கைவேலையைக் கற்றுத்தர ஏற்பாடு செய்தார். கடலைப் பார்க்கவே பயந்துபோயிருந்த வீடுகளில் கைக்கு ஒரு வேலையும் கொஞ்சம் வருமானமும் வந்தன. இந்தப் பொம்மைக்கு விலை கிடையாது, கொடுக்கப்படும், விற்கப்படாது. விரும்புகிறவர்கள் நன்கொடை தரலாம். செய்த பெண்களுக்கோ வேலைக்கான ஊதியம் உண்டு. இப்படி லட்சக்கணக்கான பொம்மைகள் நாடு நாடாகப் போய்ச் சேர்ந்திருக்கின்றன. வழக்கமாக இதை இரக்கத்தின் கதையாகச் சொல்வார்கள். எனக்கோ இது கீதையின் பழைய சிக்கல் ஒன்றுக்கு யாரும் திட்டமிடாமல் எழுதப்பட்ட உரையாகப் படுகிறது. வேலையைச் செய், பலனில் பற்று வைக்காதே என்கிறது கீதை. சரி, அந்தப் பலனை விட வேண்டியவர் யார்?

இந்தக் கேள்வியைப் புதுச்சேரியில் வைத்துக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. பாரதி இங்கே வாழ்ந்த 1908–1918 காலத்தில்தான் கீதையைத் தமிழில் பெயர்த்தார். 1910 ஏப்ரலில் வந்து சேர்ந்த அரவிந்தர், 1916 முதல் 1920 வரை ‘ஆர்யா’ இதழில் கீதைக் கட்டுரைகளைத் தொடராக எழுதினார். அவர்கள் எழுதிக்கொண்டிருந்த அதே ஊரில் காலையில் பஞ்சாலைச் சங்கு ஊதும். ஆணும் பெண்ணும் குழந்தைகளும் வேலைக்குப் போவார்கள். நெய்தவர்களின் உழைப்பு நெய்தவர்களிடம் தங்காத வரலாறு இந்த ஊருக்கு நெடியது. 19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் அவுரி தோய்த்த நீலத்துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. செனகல் ஆற்றங்கரையில் பிசின் வாங்க அந்தத் துணியே காசுபோலக் கைமாறியது. நெய்த துணி நாணயமாகவே ஆகிவிட்ட ஊர் இது! அதன் பக்கத்திலேயே, விலையே இல்லாத துணிப்பொம்மை ஒன்று பிறந்திருக்கிறது என்பதைச் சும்மா கடந்துபோக முடியவில்லை.

கீதைக்குள்ளேயே போய்ப் பார்க்கலாம். போதனையைக் கேட்பவன் அர்ச்சுனன். அவன் தேரில் குதிரைக்குப் புல் போடுகிற ஆள் அல்லன். ஒரு ராஜ்ஜியத்துக்கு உரிமை கொண்டாடும் இளவரசன். அவன் விடவேண்டிய பலன் அவன் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. மூன்றாம் அத்தியாயம் கர்மயோகத்துக்கு முன்மாதிரியாகக் காட்டுவது ஜனகரை, அவரும் அரசர். அதே அத்தியாயத்தில் இன்னொன்றும் வருகிறது: தனக்குக் கிடைத்ததைத் திருப்பித் தராமல் தானே அனுபவிப்பவன் திருடன், தனக்காக மட்டும் சமைப்பவன் பாவத்தைத்தான் உண்கிறான். இந்தக் கடுஞ்சொற்கள் யார்மேல் விழுகின்றன? உண்பவர்மேல், அனுபவிப்பவர்மேல்; உழைத்துக் கொடுப்பவர்மேல் அல்ல. இந்த வாசிப்பை மறுப்பவர்கள் பதினெட்டாம் அத்தியாயத்தைக் காட்டுவார்கள். அங்கே நான்கு வருணத்துக்கும் வேலை பிரித்துத் தரப்படுகிறது, சூத்திரனுக்குத் தொண்டு. அவரவர் வேலையே வழிபாடு என்றும் சொல்லப்படுகிறது. இதை மழுப்ப நான் விரும்பவில்லை. அந்தப் பகுதி உழைப்பவனையும் நோக்கித்தான் பேசுகிறது, பல நூற்றாண்டுகளாக அவனை அடக்கிவைக்கவும் பயன்பட்டிருக்கிறது. ஆனால் வேலையை வழிபாடாகச் செய் என்பது வேறு, உன் வழிபாட்டுக்குக் கூலி கேட்காதே என்பது வேறு. இரண்டாவதை அந்த அத்தியாயம் சொல்லவில்லை. அதைச் சேர்த்துக்கொண்டது பிற்கால வசதி.

அந்த வசதி எவ்வளவு ஆபத்தானது என்று அறிய 1936ஐப் பார்த்தால் போதும். எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் கேட்டுப் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர்கள் வ. சுப்பையாவின் தலைமையில் போராடினார்கள். ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் செத்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. பலனில் கண் வைக்காதே என்று அந்தத் தொழிலாளியிடம் போய் யாராவது சொல்லியிருந்தால், அது ஞானமா, முதலாளியின் கணக்குப்பிள்ளை பேசும் பேச்சா? சுனாமிகாவில் எனக்குப் பிடித்தது இந்த இடத்தில் அது போடும் கோடுதான். பொம்மைக்கு விலை வேண்டாம் என்று முடிவெடுத்தது அமைப்பு. செய்பவளிடம் கூலி வேண்டாம் என்று அது கேட்கவில்லை. நிஷ்காமம், அதாவது பலனை வேண்டாமை, கடைப்பலகைக்கு இந்தப் பக்கம், விற்கக்கூடியவரின் பக்கம் வைக்கப்பட்டிருக்கிறது.

அரவிந்தரின் அன்பர்கள் இங்கே குறுக்கிடலாம், குறுக்கிடவும் வேண்டும். கீதையைச் சமூகக் கடமையின் நூலாகச் சுருக்குவதை அவர் தம் கட்டுரைகளில் ஏற்கவே இல்லை. பலனைத் துறப்பது அகத்தில் நடப்பது, செயலை இறைவனுக்குப் படைப்பது. அதைச் சம்பளப் பட்டியலாக்குவது மலிவான வாசிப்பு என்பார்கள். அவர்கள் சுட்டக்கூடிய சான்றும் ஊரிலேயே இருக்கிறது: ஆசிரமத்தில் சாதகர்கள் சம்பளமில்லாமல்தான் வேலை செய்கிறார்கள். உண்மை. ஆனால் அங்கே அவர்களுடைய உணவும் உறைவிடமும் ஆசிரமத்தின் பொறுப்பு. அதோடு, தாங்களே தேடி வந்து ஏற்ற வாழ்க்கை அது. நாளை அடுப்பு எரியுமா என்று தெரியாதவளுக்கு இந்த ஒப்பீடு பொருந்தாது. அகத்துறவு என்பதை நானும் மறுக்கவில்லை. ஆசையை விடுவதும் பறிகொடுப்பதும் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுபோலத் தெரியும். எது எது என்று சொல்ல உள்ளே இருப்பவருக்கு மட்டுமே முடியும். ஆகவே ஒருவருடைய துறவால் லாபம் அடைகிறவருக்கு, அந்தத் துறவைப் போதிக்கும் தகுதி இல்லை. இந்த ஒரு விதி போதும், கீதையின் பெயரால் நடந்த பாதி சுரண்டலை அடையாளம் காண.

இன்னொரு கேள்வியும் வரும். வீட்டில் பாட்டி உல்லன் நூலில் முயலோ யானையோ பின்னி, பஞ்சு அடைத்து, கறுப்பு நூலால் கண் தைத்துப் பேரக்குழந்தைக்குக் கொடுக்கிறாள். அவளுக்கு யார் கூலி தருகிறார்கள்? எளிய பொம்மைதான், ஆனாலும் அது பல மாலைகளைத் தின்றுவிடும். அந்த மணிகளுக்கு ஆலைக் கூலி போட்டால் எந்தக் கடையிலும் அந்த விலைக்கு முயல் விற்காது. என் வாதம் இங்கே உடையவில்லை, உறுதிப்படுகிறது. நூலும் அவளுடையது, நேரமும் அவளுடையது, முயலும் அவளுடையது. கொடுப்பதா வேண்டாமா என்று சொல்லும் உரிமையும் அவளுக்கே. தன் கையில் இருக்கும் பலனைத்தான் அவள் விடுகிறாள், அர்ச்சுனனைப்போல. அதே பாட்டியை ஒரு கடைக்காரர் கூப்பிட்டு, நீங்கள் அன்போடு பின்னுகிறவர் ஆயிற்றே, காசு எதற்கு என்று கேட்டால், அந்த நிமிஷமே முயலின் தன்மை மாறிவிடுகிறது. பெண்களின் கைவேலையை அன்பு என்று பாராட்டிக் கணக்கிலிருந்து நீக்குவது நம் வீடுகளில் மிகப் பழைய தந்திரம். பக்தி என்று பாராட்டுவது அதன் தம்பி.

சந்தேகவாதிகள் வேறு திசையிலிருந்து வருவார்கள். எதிர்பார்ப்பில்லாத கொடை என்று ஒன்று உண்டா? 1925இல் வெளிவந்த கொடை பற்றிய கட்டுரையில் பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ், பல சமூகங்களின் வழக்கங்களை ஆராய்ந்து, கொடுப்பது, வாங்குவது, திருப்பித் தருவது மூன்றும் ஒரே கயிற்றின் இழைகள் என்று காட்டினார். தத்துவவாதி தெரிதா இன்னும் ஒருபடி மேலே போய், கொடை என்று அறியப்பட்ட நொடியிலேயே அது கொடையாக இல்லாமல் போகிறது என்றார். நமக்கு இது புதிதும் அல்ல. இம்மையில் கொடுத்து மறுமையில் வாங்கிக்கொள்ளும் வியாபாரி அல்லன் வள்ளல் ஆய் என்று முடமோசியார் புறநானூற்றில் பாடும்போது, அப்படிப்பட்ட வியாபாரிகள் நிறைய இருந்தார்கள் என்பதும் சேர்ந்தே தெரிகிறது. வள்ளுவரும் இல்லாதவருக்குக் கொடுப்பதைத்தான் ஈகை என்கிறார். மற்றதெல்லாம் அவருக்குத் திரும்பி வரும் கடன். அந்தக் கணக்கில், வெளிநாட்டுப் பயணி கையில் போகும் சுனாமிகா ஈகையே ஆகாது! அது நன்கொடையை அழைக்கிறது, நல்ல பெயரையும் சம்பாதித்துத் தருகிறது. இவை எல்லாவற்றையும் ஒப்புக்கொள்கிறேன். பொம்மை தூய கொடை என்று நான் எங்கும் சொல்லவில்லை. தூய்மையைத் தேடிப் போகிறவர்கள் கொடுப்பவரின் மனத்தையே துருவிக்கொண்டிருப்பார்கள். உழைத்தவருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி அவர்கள் கண்ணில் படாது. மோஸ் அப்படி விட்டுவிடவில்லை. தம் கட்டுரையின் முடிவில் அவர் பிரான்சின் தொழிலாளர் காப்புறுதிச் சட்டங்களுக்கு வந்து சேர்கிறார்: தொழிலாளி தந்தது தன் வாழ்க்கையை, கூலி கொடுத்ததோடு முதலாளியின் கடனோ சமூகத்தின் கடனோ தீர்ந்துவிடாது. கொடையை ஆராயப் புறப்பட்டவர் முதுமையையும் வேலையின்மையையும் பற்றிப் பேசி முடிக்கிறார்.

அங்கிருந்து பார்த்தால் சுனாமிகாவின் குறையும் தெளிவாகத் தெரிகிறது. செய்பவளின் ஊதியம் முகம் தெரியாதவர்களின் நல்ல மனசைச் சார்ந்து நிற்கிறது. பேரிடர் நினைவில் இருக்கும்வரை நன்கொடை வரும். இருபது ஆண்டு கழிந்தால் உலகின் கண்ணீர் வேறு கடற்கரைக்குப் போய்விடும். விற்கிறவர் தம் பங்கை விட்டுவிடலாம், அது அவர் உரிமை, அழகும்கூட. ஆனால் செய்பவளின் பங்கு அந்த அழகை நம்பி இருக்கக் கூடாது. ஒப்பந்தமோ சட்டமோ அதற்குப் பிணை நிற்க வேண்டும், பெட்டியில் காசு விழுந்தாலும் விழாவிட்டாலும். 1937இல் புதுச்சேரி ஆலைக்கு வந்த எட்டு மணி நேரத்தை யாரும் பரிசாகக் கொடுக்கவில்லை.