இரண்டேகால் மணி நேரம்

பாரிஸிலிருந்து வார்சாவுக்கு வான்வழித் தொலைவு ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர். நேரடி விமானம் சற்றேறக்குறைய இரண்டேகால் மணி நேரத்தில் சென்று சேர்கிறது. மறுவழிப் பயணத்திற்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும். உயர்வானில் பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும் காற்றை எதிர்த்துச் செல்ல வேண்டியிருப்பதே காரணம். விமான நிலையத்தில் காத்துக்கிடக்கும் நேரத்தை இக்கணக்கில் எவரும் சேர்ப்பதில்லை என்பது வேறு செய்தி.

இசைமேதை பிரெடெரிக் ஷோபின் 1830 நவம்பர் 2ஆம் நாள் வார்சாவை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது இருபது. அம்மாத இறுதியிலேயே உருசிய ஆட்சிக்கு எதிரான எழுச்சி வெடித்தது. மறு ஆண்டு பாரிஸை அடைந்த அவர், பின்னர் தாய்மண்ணை மிதிக்கவே இல்லை. பெற்றோரை ஒரே ஒருமுறை, 1835இல், பொகேமியாவின் கார்ல்ஸ்பாத் நகரில் கண்டார். 1844இல் தந்தை இறந்தபோது மகன் அருகில் இல்லை.

1849 கோடையில் நோய் முற்றியது. தம் அக்காள் லுத்விகாவை வரும்படி வேண்டி எழுதினார். நாட்டைவிட்டு வெளியேற அரசின் அனுமதி பெறவேண்டிய காலம் அது. ஆகஸ்டில் அக்காள் கணவரோடும் மகளோடும் வந்து சேர்ந்தார். கணவர் முன்னதாகவே ஊர் திரும்பிவிட்டார், அக்காள் தங்கினார். அக்டோபர் 17ஆம் நாள் தம்பியின் உயிர் பிரிந்தது. உடல் பாரிஸில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தையோ, அவர் விரும்பியவாறே, குடுவையில் வைத்து லுத்விகா வார்சாவுக்குக் கொண்டுசென்றார். இன்று அது அங்குள்ள திருச்சிலுவை ஆலயத்தின் தூணொன்றினுள் இருக்கிறது. செல்வத்தையும் உள்ளத்தையும் பற்றிய மத்தேயு நற்செய்தி வசனம் அத்தூணில் பொறிக்கப்பட்டுள்ளது.

தொலைவு நம் கடமையைக் குறைக்குமா? இயலாமை குற்றத்தை நீக்கும் என்பதை நாம் ஏற்கிறோம். வார்சாவிலேயே இருந்துவிட்ட முதிய தாயை எவரும் பழிக்கமாட்டார். அப்படியானால் இயலாமை நீங்கும்போது கடமை வளரவேண்டும் அல்லவா? இரண்டேகால் மணி நேரம் என்பது வெறும் வசதி அன்று. நம்மிடமிருந்து ஒரு சாக்கைப் பறித்துக்கொண்ட எண் அது. ஆயினும் நடப்பது என்ன? “எப்போது வேண்டுமானாலும் போகலாம்” என்னும் நினைப்பே போகாமலிருக்கக் காரணமாகிவிடுகிறது. எளிதில் எட்டும் ஊருக்கு நாம் நாள் குறிப்பதில்லை.

விமானத்தைக் குறைசொல்வது முறையன்று. வெள்ளி மாலை புறப்பட்டு, படுக்கையிலிருக்கும் தந்தையின் கையைப் பற்றி, ஞாயிறு இரவு திரும்பும் மகனுக்கு அது பெரும் பேறு. ஆனால் அவன் வரும்போதே திரும்புவதற்கான சீட்டும் சட்டைப்பையில் இருக்கிறது. நோயாளிக்கும் அது தெரியும். லுத்விகாவுக்கோ திரும்பும் நாள் தெரியாது. தம்பி அக்காளிடம் பெற்றது அந்தத் தெரியாமையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. விடுப்பு நாள்களை எண்ணி வாழும் இன்றைய மகனிடம் அதைக் கேட்பது நியாயமா என்றால், என்னால் உறுதியாகச் சொல்ல இயலவில்லை. லுத்விகாவுக்கும் அது இலவசமாகக் கிட்டவில்லை. 1850 சனவரியில்தான் அவர் பாரிஸை விட்டுக் கிளம்பினார். அத்தனை மாதங்கள் தங்கியதன் கசப்பு, வீட்டில் கணவரிடம் அவருக்காகக் காத்திருந்தது.