முதியோர் தொண்டும் ஒப்புரவும்

முதுமையடைந்தவர் தாம் வாழ்ந்த வீட்டிலேயே, தாம் வழிபட்ட கோயிலின் மணியோசை கேட்கும் எல்லையிலேயே, இறுதிவரையும் இருக்க விரும்புதல் இயல்பாம். அவ்விருப்பம் நிறைவேறத் துணைசெய்தற்குரியார் யாவர்? பிள்ளைகளோ, அரசினரோ, அயலவரோ? அயலவரெனின், அவர் எத்தகைய மனத்தோடு அதனைச் செய்தல் வேண்டும்? சைவப் பாடசாலை உபாத்தியாயர்களாகிய நமக்கு இவ்வினாக்கள் இருவகையால் உரியன. அறத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போரும் நாமே. சின்னாளில் முதியோராகப் போவோரும் நாமே.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கை மக்களுள் அறுபது வயதும் அதற்கு மேலும் ஆனோர் நூற்றுக்கு 12.4 பேர். அவ்வீதம் பின்னரும் ஏறியே வந்துள்ளது. யாழ்ப்பாணத்திலோ, 1983ஆம் ஆண்டின் பின் பிள்ளைகள் பலர் கனடா, இங்கிலாந்து முதலிய தேசங்களிற் குடியேறினமையால், பெரிய வீடுகளிலே முதியோர் இருவராயும் ஒருவராயும் தனித்திருத்தலைக் காண்கின்றோம். பணம் வருகின்றது, தொலைபேசியிலே மக்கள் முகமுந் தெரிகின்றது. ஆயின், கிணற்றடியில் வழுக்கி வீழ்ந்தாரைத் தூக்குதற்கு ஒரு கை இல்லை. பெற்றோரை வேண்டுமென்றே புறக்கணித்தலாகாது என்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளுக்கு விதித்திருக்கின்றது. அது நன்று. எனினும், கடல் கடந்திருக்கும் மகனின் கையைச் சட்டம் கிணற்றடிவரை நீட்டிவிட மாட்டாது.

இக்குறையை வேறொரு தேசத்தார் தீர்க்க முயன்றவாற்றை இங்கே நோக்குவாம். ஐக்கிய அமெரிக்காவில் பொஸ்ரன் நகரத்தில் பீக்கன் ஹில் என்றொரு பகுதி உளது. செங்கல் வீடுகளும், ஒடுங்கி மேடேறுந் தெருக்களும், மாரியில் உறைபனியும் உள்ள அவ்விடத்திலே முதியோர் நடமாடுதல் எளிதன்று. ஆயினும், ஊரைவிட்டு முதியோர் இல்லம் புக விரும்பாத அயலவர் சிலர் கூடி ஆராய்ந்து, ஒரு சங்கம் நிறுவினர். அது 2002ஆம் ஆண்டில் தன் பணியைத் தொடங்கிற்று. ஐம்பது வயதானோர் ஆண்டுச் சந்தா செலுத்தி அங்கத்தவராவர். வருவாய் குறைந்தோர்க்குச் சந்தா குறைக்கப்படும். வைத்தியரிடம் அழைத்துச் செல்லல், கடைக்குப் போதல், வீட்டுப் பழுது தீர்க்க நம்பத்தக்க தொழிலாளரைக் காட்டல், கூடி உலாவல், கூடி உண்ணல் என்பன அதன் பணிகள். அதனைப் பின்பற்றி எழுந்த சங்கங்கள் அத்தேசத்தில் இருநூற்றுக்கு மேற்பட்டன. அவற்றை இணைக்கும் பேரமைப்பு 2010ஆம் ஆண்டில் உண்டாயிற்று. சிலவற்றில் சம்பளம் பெறும் ஊழியர் உளர். சில முழுவதும் தொண்டராலேயே நடைபெறுவன. அத்தொண்டருட் பலர் தாமும் முதியோர்.

இதனை ஈகை என்பதா, ஒப்புரவு என்பதா? திருவள்ளுவ நாயனார் ஒப்புரவறிதலை 22ஆம் அதிகாரமாகவும் ஈகையை 23ஆம் அதிகாரமாகவும் வேறுபிரித்து வைத்தார். ஈகை இல்லாதார்க்கு உள்ளார் கொடுப்பது. ஒப்புரவுக்கோ ஊரார் உண்ணும் நீர்நிலையையும், ஊர்நடுவே பழுத்த மரத்தையும் உவமையாக்கினார். ஒப்புரவு கைம்மாறு வேண்டி நிற்பதன்று, பண்டமாற்றுமன்று. ஆயினும், ஊர்க்குளத்தில் நீர் முகப்பவர் எவரேனும் நாணித் தலைகுனிந்ததுண்டோ? இல்லை. அது யாவர்க்கும் பொது. இன்று முகப்பவரே நாளை அதனைத் தூர்வாருபவர். முதியோர்க்குச் செய்யும் தொண்டு இந்நிலையினதாதல் வேண்டும் என்பதே எமது கருத்து.

மிஷன் பாடசாலையிற் கற்ற காலத்தில், வழியிற் காயப்பட்டுக் கிடந்தவனை அந்நியனாகிய சமாரியன் எடுத்துக் காத்த கதையைப் பலமுறை கேட்டோம். அயலான் யார் என்னும் வினாவுக்கு அது விடையாகச் சொல்லப்பட்டது. அதன் மேன்மையை மறுப்பேமல்லேம். ஆனால், அக்கதையிலே காயப்பட்டவன் பெறுபவனாகவே நிற்கின்றான். ஒருநாள் ஆபத்துக்கு அது போதும். முதுமையோ பத்தும் இருபதும் ஆண்டுகள் நீளும் வாழ்வு. அத்துணைக் காலமும் பெறுபவராகவே இருத்தல், நேற்றுவரை ஊருக்கு வழிகாட்டியவரை உள்ளே வாட்டிவிடும்.

ஈண்டு நம் சித்தாந்தம் ஓர் உண்மையைக் காட்டுகின்றது. "யான் எவரிடமும் உதவி கேளேன்" என்று கதவடைக்கும் முதியவரிடத்தே ஆணவமலம் நிற்கின்றது. "யான் இல்லையேல் இவர்க்கு யார்?" என்று எண்ணும் தொண்டரிடத்தும் அதுவே நிற்கின்றது. பின்னையது நன்மையின் வேடம் பூண்டு வருதலால் அறிதற்கு அரிது. சம்பளமின்றி உழைக்குந் தலைவர், புகழையே சம்பளமாகக் கொண்டுவிடுதல் எளிது. தாமே தலைவராயும் காரியதரிசியாயும் பல்லாண்டிருந்து, தாம் தளர்ந்தவுடன் சங்கமும் தளர விடுவார் உளர்.

ஆதலின், இத்தொண்டில் முன்னிற்பார் தம்மை மூன்று வினாக்களால் சோதித்தல் நன்று. முதலாவது: தொண்டு பெறுபவரின் விருப்பத்தை வினாவினோமா? விடியலில் தாமே பூக்கொய்து பூசை செய்ய விரும்பும் மூதாட்டியை, விழுந்துவிடுவார் என்று தடுத்து வீட்டினுள் இருத்துதல் அன்புபோலத் தோன்றும். ஆனால், அவர் வாழ்வு அப்பூக்கூடையிலன்றோ இருக்கின்றது! முற்றத்துப் பாசியை நீக்கி, பிடித்து நடக்க ஒரு கம்பியை நாட்டிக் கொடுத்தலே தொண்டு. அறிவு பேதலித்தார் திறத்திற் காவல் வேண்டும். அறிவுள்ளார் திறத்தில் அவர் சொல்லே முடிவாதல் வேண்டும். இரண்டாவது: அவரிடமிருந்து நாம் எதனைப் பெற்றோம்? மூன்றாவது: நாமே நோயுற்ற நாளில், நாம் நடத்தும் சங்கத்திடம் உதவி கேட்போமா? கேட்க நாணுவோமாயின், அதுவரை பிறர்க்குச் செய்ததை உள்ளத்தால் பிச்சையென்றே மதித்தோம் என்பது பெறப்படும்.

திருநாவுக்கரசு நாயனார் முதுமையுற்ற காலத்தில், திருப்பூந்துருத்தியருகே, இளம்பிராயத்தினராகிய திருஞானசம்பந்தரின் சிவிகையைத் தாங்கினார் என்று பெரியபுராணம் கூறும். அதனை அறிந்த பிள்ளையார் பதைத்துச் சிவிகையினின்றும் இறங்கி வணங்கினார். முதியவர் தாங்கவும் வல்லர். தாங்கப்படுபவர் இறங்கி வணங்கவும் வல்லர். இருவரிடத்தும் யான் என்பது இல்லை.

அயலவர் முன்வரின் பிள்ளைகள் தங் கடனை மறப்பார் என்று சிலர் அஞ்சுவர். அயலவர் மகனின் இடத்தைக் கொள்வதில்லை. அவன் இல்லாத இடத்திற் கையைக் கொடுத்து, பெற்றோர் நிலையை அவனுக்கு அறிவித்து, அவன் கடனை நினைவூட்டுவர். முதியோர் இல்லங்களை இகழ்தலும் எம் கருத்தன்று. ஒருவருமற்றார்க்கு அவை வேண்டுவனவே.

உபாத்தியாயர்காள்! இதற்குப் பெருநிதி வேண்டா. ஒவ்வொரு பாடசாலையின் அயலிலும் தனித்திருக்கும் முதியோர் யார் யார் என்று எழுதிக்கொள்க. காலைதோறும் ஒருவர் மற்றொருவரை விசாரிக்கும் முறையை அவர்களுக்குள்ளேயே அமைக்க. எழுந்து நடக்கமாட்டாதவரும் தொலைபேசியில் நால்வரை விசாரித்தல் கூடும். மருந்து வாங்கல், வைத்தியசாலைக்குத் துணைபோதல் என்பவற்றை இளைப்பாறிய ஆசிரியர்கள் முறைவைத்து ஏற்க. தலைமையை ஆண்டுதோறும் மாற்றுக. வளர்ந்த மாணாக்கரை அனுப்பும்போது, "பாட்டாவுக்கு உதவிவிட்டு வா" என்று மாத்திரம் சொல்லாது, "அவரிடம் ஒரு தேவாரம் பண்ணோடு கேட்டுக் கற்று வா" என்றுஞ் சொல்லுக. கொடுத்தலையும் கொள்ளுதலையும் ஒருங்கே பயின்ற அப்பிள்ளை, தன் பெற்றோர் முதுமையையும் தன் முதுமையையும் நாணாது எதிர்கொள்வான். திருவருள் முன்னிற்க.