யார் வெல்வார்?

நாளை நடக்கவிருக்கும் ஒரு போட்டியில் இன்னார்தாம் வெல்வார் என்று இன்றே சொல்லலாமா? சிறிய கேள்வி போலத் தோன்றும். ஆயினும் நம் இல்லங்களில் இது பற்றி இரு கருத்துகள் உண்டு. நாளை நடப்பதை அல்லாஹ் ஒருவனே அறிவான், அதில் நாவை நுழைப்பதே பிழை என்பர் பெரியோர் சிலர். பேச்சுக்குச் சொல்வதில் என்ன குற்றம் என்பர் இளைஞர். இரு சாராரும் பாதி உண்மையைக் கையில் வைத்திருக்கின்றனர் என்பது நம் எண்ணம். மறு பாதியைத் தேடுவதற்காக, நடக்கும் முன்பே உலகம் தீர்ப்பெழுதிவிட்ட ஒரு குத்துச்சண்டையை இங்கே எடுத்துக்கொள்வோம்.

குத்துச்சண்டையைப் பரிந்துரைக்க நாம் வரவில்லை. முகத்தில் அடிப்பதை நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதால், மார்க்க அறிஞர் பலர் இதனை விளையாட்டாகவே ஏற்பதில்லை. அவ்வழக்கு வேறு. நம் விசாரணை மேடையில் நின்றவர்களைப் பற்றியதன்று. மேடைக்கு வெளியே அமர்ந்து முடிவுரைத்தவர்களைப் பற்றியது.

1974 அக்டோபர் 30ஆம் நாள், அன்று ஸாயிர் எனவும் இன்று காங்கோ ஜனநாயகக் குடியரசு எனவும் வழங்கும் நாட்டின் தலைநகரான கின்ஷாஸாவில், விடியலுக்கு முந்தைய இருளில், ஹெவிவெயிட் எனப்படும் மிகுஎடைப் பிரிவின் உலகப் பட்டத்துக்காக இருவர் மோதினர். பட்டம் வைத்திருந்தவர் ஜார்ஜ் ஃபோர்மன். வயது 25. ஆடிய 40 போட்டிகளிலும் வெற்றி. அவற்றுள் 37 நாக்-அவுட். எதிரில் நின்றவர் முஹம்மது அலீ. வயது 32. வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் 1967இல் பட்டம் பறிக்கப்பட்டு, மூன்றாண்டுக்கும் மேலாக மேடையேற முடியாதிருந்தவர்.

வல்லுநர்களில் மிகப் பெரும்பாலோர் ஃபோர்மனே வெல்வார் என்றனர். அலீயின் உயிருக்கே தீங்கு நேருமோ என்று அஞ்சியோரும் இருந்தனர். இவர்கள் அறியாமையால் பேசவில்லை. அவர்களிடம் வலுவான காரணம் இருந்தது. 1971இல் அலீயை முதன்முதலாகத் தோற்கடித்தவர் ஜோ ஃப்ரேஸியர். 1973 மார்ச்சில் அலீயின் தாடையை உடைத்து வென்றவர் கென் நார்ட்டன். மறுபோட்டிகளில் அலீ இருவரையும் வென்றார் என்பது மெய்யே. ஆயினும் அரும்பாடுபட்டு, புள்ளிக் கணக்கில்தான் வென்றார். அந்த ஃப்ரேஸியரை 1973 ஜனவரியில் ஃபோர்மன் இரண்டே சுற்றுகளுக்குள் ஆறு முறை வீழ்த்தினார். நார்ட்டனையும் 1974 மார்ச்சில் இரண்டாம் சுற்றிலேயே முடித்தார். அலீயை வென்றவர்களை எளிதாக வென்றவர் அலீயையும் வெல்வார் என்பதில் என்ன ஐயம்?

மத்ரஸாவில் மன்திக் எனும் தருக்க நூல் ஓதியோர்க்கு இந்த வாதத்தைக் கண்டதும் ஒன்று நினைவுக்கு வரும். 'கியாஸுல் முஸாவாத்' என்று ஒரு பாடம் உண்டு. முதற்பொருள் இரண்டாம் பொருளுக்குச் சமம். இரண்டாம் பொருள் மூன்றாவதற்குச் சமம். ஆகவே முதற்பொருள் மூன்றாவதற்கும் சமம். இது சரி. ஆனால் இதே வாய்பாட்டில் வேறொன்றைச் சொல்லிப் பாருங்கள்: ஒன்று இரண்டில் பாதி, இரண்டு நான்கில் பாதி, ஆகவே ஒன்று நான்கில் பாதி. அன்று, கால் அல்லவா! வாக்கிய அமைப்பு மாறவில்லை, முடிவு பொய்யாகிவிட்டது. காரணம் யாதெனில், வெளியிலிருந்து வந்து தாங்கும் ஓர் உண்மை முதல் வாதத்தில் இருந்தது, இரண்டாவதில் இல்லை. 'சமத்துக்குச் சமம் சமமே' என்பது மெய். 'பாதியில் பாதி பாதியே' என்பது பொய்.

'வென்றவரை வென்றவர் வெல்வார்' என்பதும் பாதியில் பாதியைப் போன்றதே. ஃப்ரேஸியர் அலீயை வென்றார். ஃபோர்மன் ஃப்ரேஸியரை வென்றார். கின்ஷாஸாவில் அலீ ஃபோர்மனை வென்றார். வரிசை என்று எண்ணியது வட்டமாயிற்று. இடைவிடாது முன்னேறி வரும் ஃப்ரேஸியர் ஃபோர்மனின் கைகளுக்குள் தாமே வந்து விழுந்தார். அலீயோ இரண்டாம் சுற்று முதல் கயிற்றில் சாய்ந்து, கைகளால் தலையைக் காத்து, அடிகளை வாங்கிக்கொண்டே எதிரியைக் களைப்புறச் செய்தார். கயிற்றை விட்டு வெளியே வா என்று அவர் தரப்பினரே கூவினர். எட்டாம் சுற்றின் கடைசி நொடிகளில் ஃபோர்மன் வீழ்ந்தார். ஃபோர்மனின் அண்மைய வெற்றிகள் சில நிமிடங்களில் முடிந்தவை. அவற்றில் அவரது வலிமையைக் கண்டவர்கள், நீண்ட போரில் அவர் தாங்குவாரா என்பதற்கு அவை சான்றாகமாட்டா என்பதைக் காணவில்லை.

அப்படியாயின் அவர்கள் செய்தது குற்றமா? இல்லை என்போம். அறிவை நம் முன்னோர் நான்கு படிகளாகப் பிரித்தனர். ஐயத்துக்கு இடமில்லாதது யகீன். ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும் தராசு போல ஒன்றின் பால் மனம் சாய்வது ழன்னு. இரு தட்டும் சமமாக நிற்பது ஷக்கு. எடை குறைந்த தட்டு வஹ்மு. மருத்துவர் மருந்து தருவதும், காஜியார் சாட்சி கேட்டுத் தீர்ப்பளிப்பதும், வணிகர் சரக்கு வாங்குவதும் ழன்னைக் கொண்டே. காரணத்தோடு கூடிய ஊகத்தை விலக்கினால் உலக வாழ்வே நின்றுவிடும். ஆகவே பெரியோர் அஞ்சுவது போல ஊகித்தல் மறைவான ஞானத்தை உரிமை கோருவதாகாது. ஆனால் ழன்னுக்கு யகீனின் உடையை அணிவித்து வெளியே அனுப்பும்போது பிழை தொடங்குகிறது. நாளைக்கு இதைச் செய்வேன் என்று கூறும்போது இறைநாட்டத்தைச் சேர்த்துக் கூறுமாறு கஹ்ஃபு அத்தியாயம் கற்பிப்பது, நம் சொல்லை அதன் உரிய படியில் நிறுத்திவைக்கவே.

படி மாறுவதற்கு இரண்டு தூண்டுதல்களைக் காண்கிறோம். ஒன்று பணம். 1964 பிப்ரவரியில், 22 வயதே ஆன அலீ, அன்று காசியஸ் கிளே என்ற பெயரில் சன்னி லிஸ்டனை எதிர்த்தபோது, கருத்துக் கேட்கப்பட்ட 46 விளையாட்டு எழுத்தாளர்களில் 43 பேர் லிஸ்டன் பக்கம் நின்றனர். பந்தயச் சந்தையில் ஒன்றுக்கு ஏழு என்ற விகிதம் ஓடியது. ஏழாம் சுற்றுக்கு லிஸ்டன் எழுந்து வரவேயில்லை. பந்தய விகிதம் என்பது மக்கள் எங்கே பணத்தைக் கொட்டினர் என்பதன் அளவேயன்றி, உண்மையின் அளவன்று. சூதை மார்க்கம் தடுத்ததற்குரிய காரணங்களோடு இதையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம்: பணம் வைத்தவன் தன் கருத்தைத் திருத்திக்கொள்ளும் உரிமையை விற்றுவிடுகிறான்.

மற்றது அன்பு. நாம் சிறுபிள்ளையாயிருந்த 1980ஆம் ஆண்டில் அலீ சென்னைக்கு வந்து நேரு விளையாட்டரங்கில் காட்சிப் போட்டி ஆடினார். அவர் பெயரைக் கேட்டாலே நம் இல்லங்கள் மகிழ்ந்த காலம் அது. அவ்வாண்டு அக்டோபர் 2ஆம் நாள், 38 வயதில், ஓய்வை விட்டு வந்து லாரி ஹோம்ஸை எதிர்த்தபோது, கின்ஷாஸாவில் நடந்தது மீண்டும் நடக்கும் என்று நம்பியோர் பலர். நடக்கவில்லை. பத்துச் சுற்றுகள் அடி வாங்கினார். பதினோராம் சுற்றுக்கு அவரை அனுப்ப அவருடைய பயிற்சியாளர் மறுத்தார். முன்னர் வெறுங்கணக்கு ஏமாந்தது. இப்போது வெறும் ஆசை ஏமாந்தது.

இனி நம்மைப் பற்றிய வழக்குக்கு வருவோம். ஆசிரியத் தொழிலுக்கு வந்த தொடக்கத்தில் நம்மிடம் ஒரு சிறுவன் ஓதினான். பாடம் ஏறவில்லை. அவன் அண்ணனும் அப்படியே இருந்து இடையில் நின்றவன். "இவனுக்கும் இல்மு ஏறாது, வேறு வேலைக்கு அனுப்பிவிடுங்கள்" என்று தகப்பனாரிடம் சொன்னோம். அவர் நம் சொல்லைத் தட்டாதவர். மறுவாரமே அவன் கடைக்குப் போனான். இன்று நல்ல நிலையில் இருக்கிறான். வழியில் கண்டால் மரியாதையோடு ஸலாம் சொல்கிறான். நம் கணிப்பு சரியா, தவறா? அறிய வழியில்லை. அவ்வழியை அடைத்தவர் நாமே.

இங்கேதான் நாம் தேடிய மறு பாதி இருக்கிறது. கின்ஷாஸாவில் வல்லுநர் என்ன சொன்னபோதும் மணி அடித்தது, இருவரும் மேடையேறினர், கணிப்பு தவறென்று காட்ட அலீக்கு எட்டுச் சுற்றுகள் கிடைத்தன. நாமோ அச்சிறுவனுக்கு மணியை அடிக்கவே விடவில்லை. போட்டியைப் பற்றிய ஊகம் போட்டியைத் தடுப்பதில்லை. ஆனால் பெற்றோரும் ஆசிரியரும் பிள்ளையைப் பற்றிச் சொல்லும் ஊகம் அப்பிள்ளையின் மேடையையே எடுத்துவிடக் கூடும். பெண் பிள்ளை இவ்வளவு படித்தால் போதும் என்பதும் இவ்வகையே. பிறரைப் பற்றிய எண்ணங்களில் சில பாவமாகும் என்று ஹுஜுராத் அத்தியாயம் எச்சரிப்பது சந்தேகத்தைக் குறித்தே எனினும், அதை ஓதும்போதெல்லாம் நமக்கு அச்சிறுவனின் முகம் தோன்றுகிறது.

ஃபோர்மனின் கதை கின்ஷாஸாவோடு முடியவில்லை. 1994 நவம்பர் 5ஆம் நாள், 45 வயதில், 26 வயதுடைய மைக்கேல் மூரரிடம் புள்ளிக் கணக்கில் பின்தங்கியிருந்தும், பத்தாம் சுற்றில் அவரை வீழ்த்தி இருபதாண்டுக்கு முன் இழந்த பட்டத்தை மீட்டார். அலீ 2016இலும் ஃபோர்மன் 2025இலும் மறைந்தனர். இருவர் கணக்கையும் உலகம் பலமுறை முன்கூட்டி மூடிப் பார்த்தது. பலமுறை திறக்க நேர்ந்தது.

நம் முன்னோர்களான ஃபிக்ஹு அறிஞர்கள், நூல்களையெல்லாம் ஆராய்ந்து, முழு முயற்சியும் செய்து ஃபத்வா எழுதுவர். பின் அதன் கீழே 'வல்லாஹு அஃலம்' என்று எழுதுவர்: அல்லாஹ்வே நன்கறிந்தவன். முயற்சியில் சோம்பலும் இல்லை. முடிவில் இறுமாப்பும் இல்லை. யார் வெல்வார் என்று கேட்டால் நாமும் காரணத்தோடு சொல்வோம். பிள்ளையைப் பற்றிக் கேட்டாலும் சொல்வோம். ஆனால் சொல்லின் கீழே அந்தக் கையெழுத்தையும் இடுவோம். மணி அடிக்கும் வரை காத்திருப்போம்.

வல்லாஹு அஃலம்.