ஐந்து சென்ட் சமத்துவம்

அமெரிக்காவில் எழுபது வயதைக் கடந்த ஒருவரிடம் ‘ஃபைவ் அண்ட் டைம்’ (ஐந்து, பத்து சென்ட் கடை) என்று சொன்னால் போதும், முகம் மலர்ந்துவிடும். கிறீச்சிடும் மரத்தரை, எடைபோட்டுப் பொட்டலம் கட்டித் தந்த மிட்டாய், கடையின் ஒரு பக்கம் நீண்டு கிடந்த சாப்பாட்டு மேடை, அதன் முன்னே சுழலும் முக்காலிகள் என்று அடுக்கிக்கொண்டே போவார். வூல்வொர்த், கிரெஸ்கி, பென் ஃபிராங்க்ளின் என்று கடைப் பெயர் ஊருக்கு ஊர் மாறும், நினைவு மாறாது. உள்ளங்கை வியர்வையில் நனைந்த ஒற்றை நாணயத்தோடு ஒரு குழந்தை தனியாக உள்ளே போய், யாரிடமும் ஏமாறாமல், தனக்குப் பிடித்ததை வாங்கிவர முடிந்த இடம் அது.

இந்த ஏக்கத்தை வெறும் மலிவு விலை மீதான ஆசை என்று ஒதுக்கிவிட முடியாது. மேயருக்கும் குழந்தைக்கும் ஒரே விலை என்பதில் ஒரு கௌரவம் இருந்தது. ஆனால் விலையில் கிடைக்கும் சமத்துவம், மனிதருக்கு மனிதர் தரவேண்டிய சமத்துவம் ஆகிவிடுமா?

ஒரே விலை என்ற வழக்கத்துக்கு ஒரு மதவேர் உண்டு. 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், ஜார்ஜ் ஃபாக்ஸைப் பின்பற்றிய குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் பேரம் பேசுவதையே பாவமாக நினைத்தார்கள். ஆறு காசுக்குக் கொடுக்க மனதிருந்தும் பத்து என்று சொன்னால் அது பொய்தானே? நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்யக்கூட மறுத்தவர்கள் அவர்கள். எப்போதும் உண்மையே பேசுகிறவனுக்குத் தனியாக ஒரு சத்தியம் எதற்கு என்பது அவர்கள் வாதம். பேரத்தில் ஊறிய ஊர் முதலில் முகம் சுளித்தது. பிறகு, குழந்தையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்று தெரிந்ததும் கூட்டம் அவர்கள் கடைக்கே போனது. சத்தியம் லாபமும் தந்தது.

தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் இடறிய இடமும் இதுதான். 1785இல் வெளியான அறவியல் நூலில் அவர் ஒரு கடைக்காரரைக் கொண்டுவருகிறார். அனுபவமில்லாதவரிடம் அவர் கூடுதலாக வாங்குவதில்லை. குழந்தைக்கும் அதே விலைதான். நல்லவர்தான் என்று நாம் தலையாட்டும்போது கான்ட் குறுக்கிடுகிறார்: நேர்மை வியாபாரத்துக்கு நல்லது என்பதால் நேர்மையாக இருக்கிறவரின் செயலில் அறமதிப்பு எங்கே இருக்கிறது?

பிராங்க் வூல்வொர்த் இதற்கெல்லாம் தலையைப் பிய்த்துக்கொண்டவர் அல்ல. 1879 பிப்ரவரியில் நியூயார்க் மாநிலத்தின் யூட்டிகாவில் ‘எதை எடுத்தாலும் ஐந்து சென்ட்’ கடை திறந்தார். அது சில மாதங்களே ஓடியது. அதே ஆண்டு ஜூனில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் மறுபடி திறந்தார். இம்முறை பிழைத்துக்கொண்டது. பிறகு பத்து சென்ட் பொருட்களும் சேர்ந்தன. 1913இல் நியூயார்க்கில் அவர் எழுப்பிய 792 அடிக் கட்டடம் அன்றைய உலகின் மிக உயரமான கட்டடம். கோதிக் தேவாலயச் சாயலில் கட்டிய அதற்கு ‘வணிகத்தின் பேராலயம்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. பெயர் சூட்டியவரும் ஒரு பாதிரியார்தான். நுழைவுக்கூடத்தில் வூல்வொர்த் உட்கார்ந்து சில்லறை எண்ணுவது போன்ற சிறு சிற்பம் ஒன்று உண்டு. அந்தவரையில் ஒளிவுமறைவு இல்லை.

மலிவின் சுமையை யார் தாங்கினார்கள் என்பது வேறு கதை. 1937இல் டெட்ராய்ட் வூல்வொர்த்தில் விற்பனைப் பெண்கள் கூலி உயர்வு கேட்டு ஒரு வாரம் கடைக்குள்ளேயே தங்கிப் போராடினார்கள்.

1960 பிப்ரவரி 1 அன்று, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் வூல்வொர்த்துக்குள் நுழைந்தார்கள். முதலில் பற்பசை போன்ற சில சாமான்களை வாங்கி, ரசீதைப் பத்திரப்படுத்திக்கொண்டார்கள். பிறகு வெள்ளையருக்கு மட்டுமான சாப்பாட்டு மேடையில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். கிடைக்கவில்லை. கடை மூடும்வரை எழுந்திருக்கவும் இல்லை. அந்த ரசீதைவிடக் கூர்மையான தத்துவக் கேள்வியை எந்த நூலில் தேடுவது? ஒரே கூரையின் கீழ் ஒரு மேடையில் செல்லுபடியான காசு இன்னொரு மேடையில் ஏன் செல்லவில்லை?

விலையுள்ள பொருளுக்கு ஈடாக வேறொன்றை வைத்துவிடலாம், கண்ணியத்துக்கு ஈடு கிடையாது என்று பிரித்துக்காட்டியதும் அதே கான்ட்தான். ஃபைவ் அண்ட் டைம் கடைகள் முதலாவதைச் சமமாக்கின, இரண்டாவதைத் தொடவில்லை. கறுப்பினக் குழந்தையும் அதே விலைக்கு மிட்டாய் வாங்கிக்கொண்டு, முக்காலியை வெறுமனே பார்த்துக்கொண்டு வெளியே வந்தது. அந்தப் பெரியவரின் இனிய நினைவு பொய்யல்ல. அது முக்காலியில் உட்கார முடிந்தவரின் நினைவு, அவ்வளவுதான்.

1962இல் கேமார்ட், வால்மார்ட், டார்கெட் என்ற தள்ளுபடிக் கடைகள் மூன்றும் கிளம்பின; 1997இல் அமெரிக்க வூல்வொர்த்தின் கடைசிக் கடைகள் மூடப்பட்டன. கிரீன்ஸ்பரோ கடை இன்று குடிமை உரிமைப் போராட்ட அருங்காட்சியகம்.

அங்கே நிறத்தடை நீங்கியது 1960 ஜூலை 25 அன்று. மாதக்கணக்கில் விற்பனை சரிந்த பிறகுதான் நிர்வாகம் இறங்கிவந்தது. கான்ட் இதற்கு ஒரு மதிப்பெண்ணும் போடமாட்டார். உட்கார்ந்தவர்களுக்கு அவர் சான்றிதழ் தேவைப்படவும் இல்லை. அன்று அந்த மேடையில் முதலில் உணவு பரிமாறப்பட்ட கறுப்பினத்தவர், அதே கடையில் வேலை பார்த்துவந்த ஊழியர்கள்.