முகவரியும் அடையாளமும்

ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்பதும் அது எது என்பதும் ஒரே வினாவா என்னும் பழைய தத்துவச் சிக்கல், இணைய நெறிமுறையின், அதாவது கணினிகள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் பொது விதித்தொகுப்பின், ஆறாம் பதிப்பில் பொறியியல் சிக்கலாகவே எழுந்தது. 1998 டிசம்பரில் இணையப் பொறியியல் பணிக்குழு வெளியிட்ட அந்த வரையறை, முகவரியின் நீளத்தை 32 பிட்டிலிருந்து 128 பிட்டாக உயர்த்தியது. அதன் வழக்கமான அமைப்பில் முதல் 64 பிட்டுகள் வலையமைப்பையும், எஞ்சியவை அங்கு இணைந்த கருவியின் இடைமுகத்தையும் குறிக்கின்றன.

தொடக்கத்தில் அந்தப் பிற்பகுதி, பிணைய அட்டையில் உற்பத்தியின்போதே பதிக்கப்படும் 48 பிட் எண்ணை இரண்டாகப் பிளந்து, நடுவே 16 பிட்டுகளைச் செருகி, ஒரு பிட்டைத் தலைகீழாக்கி உருவாக்கப்பட்டதால், வீட்டிலும் அலுவலகத்திலும் விமான நிலையத்திலும் இணையும் ஒரே மடிக்கணினி சென்ற இடமெல்லாம் அதே எண்ணைச் சுமந்தது. அதன் உரிமையாளர் பெயர் சொல்லாமலேயே பின்தொடரப்படக் கூடியவரானார். 2001இல் வந்த விரிவாக்கம் அப்பகுதியைத் தற்செயல் எண்ணாக்கி, அவ்வப்போது மாற்றிக்கொள்ள வழிசெய்தது. அறநோக்கில் இம்முடிவு, முகவரியின் நீளத்தைக் கூட்டியதைவிடப் பெரிய சாதனை என்றே கருத வேண்டும்.

உயிர் சார்ந்ததன் வண்ணமாகும் என்னும் சைவ சித்தாந்தம், சார்பு மாறும்போது உயிர் அழிவதாகக் கூறுவதில்லை. முகவரியையே அடையாளமாகக் கொண்ட இணைப்போ, இடம் மாறியதும் அறுந்துவிடுகிறது. இக்குறையைத் தீர்க்க முனையும் புரவலர் அடையாள நெறிமுறை, 2006இல் வெளியான அதன் கட்டமைப்பின்படி, கருவியின் அடையாளத்தைப் பொதுச் சாவியில், அதாவது எவரும் சரிபார்க்கத்தக்க மறையீட்டு எண்ணில், நிலைநிறுத்தி, முகவரியை வெறும் இருப்பிடமாக்குகிறது. மாறாத சாவியும் தடம் காட்டிக்கொடுக்கும் என்பதால், வெளியிடப்படாத தற்காலிக அடையாளங்களுக்கும் அக்கட்டமைப்பு இடமளித்துள்ளது.